ஐந்தாம் பக்கத்துச் சிவப்பு மை

இதை என் தங்கையைப் பாராட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. ஒருவருக்குப் பதில் சொல்லவும் எழுதுகிறேன். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். கண்ணும் நன்றாகத் தெரிகிறது. கட்டாயம் வாசிப்பார். அதனால் ஒவ்வொரு தேதியையும் இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன்.

என் பெயர் கொளஞ்சியப்பன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, 1970ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் என் கை வழியாகப் போனவை. என் தங்கை தங்கமணி என்னைவிட ஏழு வயது இளையவள். வடக்கனந்தல் காலனியில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டவும் நாற்று நடவும் போனவர்கள். அந்தத் தெருவிலிருந்து ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் பெண் தங்கமணிதான். 1982 மே மாதம் சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியவன் நான்.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய ஒரு சம்பவம் போதும். அந்தக் காலத்தில் பாம்பு நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. ஒரு கோயிலில் பாம்பு மனித உருவெடுத்து அர்ச்சகரிடம் பேசியது, இதை ஆயிரம் பேருக்கு அச்சடித்துக் கொடுத்தவருக்கு யோகம் அடித்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார் என்று போகும். பயந்தவர்கள் எங்கள் அச்சகத்துக்கு வந்து ஆயிரம் அடித்துக்கொண்டு போவார்கள். மீந்ததை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். தங்கமணி அதன் பின்பக்கத்தில் கணக்குப் போடுவாள். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், ஐந்து வருடத்து நோட்டீஸ்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க பாரேன். மொதல் நோட்டீஸ்ல பாம்பு பேசவே இல்ல. சும்மா வந்துட்டுப் போவுது. அடுத்ததுல பேசுது. மூணாவதுல அர்ச்சகர் வர்றாரு. ரத்தம் கக்கினவன் கடைசி ரெண்டுலதான் கீறான். இது வளந்துகினே போவுது."

"அதுக்கு இன்னா இப்போ?"

"கடைசியா வந்ததைத்தான் எல்லாரும் நம்புறாங்க. மொதல்ல இன்னா எழுதியிருந்துச்சின்னு யாரும் பாக்கல."

நான் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பின்னாளில் சிரிக்கவில்லை.

1984 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதியில் முப்பத்து நான்கு குடும்பங்கள் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தர்களானோம். பதிவு செய்யாத சிறிய சங்கம். தலைவர் அரங்கநாதன். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். வெள்ளை வேட்டியில் மடிப்புக் கலையாது. குரல் கணீரென்று இருக்கும். அவர் கேட்டுக்கொண்டபடி சங்கத்தின் விதிமுறைகளை எட்டுப் பக்கச் சிறு புத்தகமாக நானே கோத்து, இருநூறு படி அடித்துக் கொடுத்தேன். அட்டையில் புத்தர் படம். உள்ளே பதின்மூன்று விதிகள்.

அந்தப் புத்தகத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். ஐந்தாம் பக்கம், ஏழாவது விதி. கூட்டம் நடத்தக் குறைந்தது 12 பேர் வேண்டும் என்பதற்கு 21 என்று எண்ணை மாற்றிக் கோத்துவிட்டேன். அச்சடித்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இருநூறு படியையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 21ஐச் சிவப்பு மையால் அடித்து, மேலே 12 என்று என் கையால் எழுதினேன். தங்கமணி பக்கம் புரட்டித் தந்தாள். எழுதாத படி ஒன்றுகூட வெளியே போகவில்லை. இதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சசீலம் ஏற்ற அன்று அரங்கநாதன் மேடையில் பேசினார். "விண்ணப்பத்துல மதம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல இந்துன்னு எழுதறவன் புத்தரோட முதுகுல குத்தறவன்!" எல்லாரும் கை தட்டினோம். தங்கமணி கை தட்டவில்லை. வீட்டுக்கு வந்து தன் டைரியில் எழுதிக்கொண்டாள்.

அப்போது சட்டம் வேறு மாதிரி இருந்தது. எங்களவர் பௌத்தர் என்று எழுதினால் பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு கிடையாது. இந்து அல்லது சீக்கியர் என்று எழுதினால்தான் உண்டு. 1985 ஜூனில் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து தங்கமணிக்கு ஆசிரியர் பணிக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. படிவத்தில் பௌத்தம் என்று எழுதினாள். அங்கிருந்த ஓர் அம்மாள் நல்ல மனசோடு, "இந்த ஒரு கட்டத்தை மட்டும் மாத்திக் குடும்மா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாராம். தங்கமணி மாட்டேன் என்றாள். ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து பெயர் அடிபட்டது. வேலை போயிற்று. அந்த வருடமே வெள்ளிமலையில் பால்வாடி டீச்சராகச் சேர்ந்து, கல்வராயன் மலைமேல் ஒரு குடிசை எடுத்துத் தங்கிவிட்டாள். பாதி சம்பளம்கூட இல்லை. வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை.

1986 பிப்ரவரி 11. அரங்கநாதன் அச்சகத்துக்கு வந்தார். அவர் மகன் அன்புச்செல்வனுக்கு வங்கியில் வேலை கிடைத்திருந்தது. வாழ்த்து நோட்டீஸ் அடிக்கத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்.

"நல்ல சேதிங்க ஐயா. எந்தக் கோட்டாவுல கெடச்சிதுங்க?" என்றேன். சும்மாதான் கேட்டேன்.

"நம்ம கோட்டாதான்டா. வேற இன்னா?"

"மதம்னு ஒரு கட்டம் இருக்குமேங்க ஐயா?"

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "அதுல இன்னா எழுதினா இன்னா? மனசுல புத்தர் கீறாரு இல்ல? நீ சட்டுனு கோத்துக் குடு, பஸ்ஸுக்கு நேரமாவுது."

கோத்துக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லாமல் கோத்தேன். அவர் கையால் எழுதிய தாளை மட்டும் திருப்பித் தரவில்லை. என் எழுத்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். அங்கே அது நான்கு வருடம் எட்டு மாதம் இருந்தது. தினமும் காலையில் பெட்டியைத் திறக்கும்போது அது இருப்பது எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு மலையிலிருந்து இறங்கி வந்த தங்கமணியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இன்னா தேதியில எழுதினாராம்?"

"போன வருசம். நீ கார்டு வாங்கின அதே மாசந்தான் இருக்கும்."

தேய்த்து முடித்து, கவிழ்த்து வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அண்ணா, அந்த ஆளை ஒரு நாள் கீழ உக்கார வச்சி, அவரு எழுதினதை அவரு வாயாலயே படிக்க வைக்கிறேன் பாரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வருடமே சங்கத்துச் செயலாளர் ஆனாள். அந்தப் பொறுப்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இவன் பௌத்தன் என்று செயலாளர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வாங்கிய பையனுக்கு ஒதுக்கீடு போய் நஷ்டம். அதனால் காலியாகக் கிடந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மாதக் கடைசி ஞாயிறு பஸ் பிடித்து இறங்கி, பதிவேட்டை எழுதிவிட்டு, மறுநாள் காலைப் பஸ்ஸில் ஏறிப் போவாள்.

மலையில் பொழுது போகப் படித்தாள். சென்னையில் ஒரு பௌத்த நூலகம் தபாலில் புத்தகம் அனுப்பும். ஆங்கிலம் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படிப்பாள். 1987 செப்டம்பரில் துறவிகளின் ஒழுக்க விதிகள் அடங்கிய தொகுதி ஒன்று அவளிடம் இருந்தது. திருப்பி அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அந்த வாரம்தான் ஊர்த் தெருக்காரர்கள் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கீழே மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை, தபால் இல்லை. நாங்கள் காலனியில் என்ன நடக்குமோ என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். ஒரு வாரம் கழித்து வந்தவளிடம் மறியல் செய்தவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"இன்னாத்துக்கு வையுற? அவங்களும் பங்குதான கேக்குறாங்க. நம்ம பங்கை நமக்கு இல்லாம ஏமாத்தினவன் வேற ஆளு," என்றாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "எனக்கு இந்த மறியலால ஏழு நாள் கூடக் கெடச்சுது. ஒண்ணு கண்டுபுடிச்சேன்."

அவள் கண்டுபிடித்தது இது. புத்தரின் சித்தி கோதமி துறவு கேட்டு வருகிறார். புத்தர் மறுக்கிறார். சீடர் ஆனந்தர் மன்றாடுகிறார். கடைசியில் எட்டுக் கடும் விதிகளுக்குக் கட்டுப்பட்டால் சேர்க்கலாம் என்கிறார். நூறு வருடம் துறவியாக இருந்த பெண்ணும் நேற்றுச் சேர்ந்த பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது முதல் விதி. பெண்களைச் சேர்த்ததால் ஆயிரம் வருடம் நிற்க வேண்டிய தம்மம் ஐந்நூறு வருடம்தான் நிற்கும் என்று புத்தர் சொன்னதாகவும் அதிலேயே வருகிறது. தங்கமணி அந்தப் பக்கங்களைப் பாம்பு நோட்டீஸ் மாதிரி பரப்பிப் பார்த்திருக்கிறாள். எங்கோ ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. நூலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். ஆராய்ச்சி செய்தவர்கள் பலர் அது பிற்காலத்தில் சேர்ந்தது என்று நினைக்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நோட்டில் ஒட்டி வைத்தாள்.

மூன்று வருடம் போயிற்று. 1990 ஜூனில் சட்டம் மாறியது. பௌத்தர் என்று எழுதினாலும் இனிப் பட்டியல் சாதி உரிமை உண்டு. ஆகஸ்டில் டெல்லியில் பிற்பட்டோர் ஒதுக்கீட்டை அறிவித்து, வடக்கே பெரிய கலவரம். கள்ளக்குறிச்சி டீக்கடையில் தினமும் அதே பேச்சு. எங்கள் பையன்கள், இத்தனை வருடம் ஒளித்து வைத்த மதத்தை இப்போது எழுதலாம் என்று சங்கத்துக்கு வர ஆரம்பித்தார்கள். இன்னார் இன்ன தேதியில் பஞ்சசீலம் ஏற்றார் என்று செயலாளர் கையெழுத்திட்ட கடிதத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. யாருக்கும் வேண்டாத நாற்காலி ஒரே மாதத்தில் எல்லாருக்கும் வேண்டியதாயிற்று. தங்கமணிக்கும் அந்தக் கடிதம் வேண்டும். தன் பெயரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மறுபடி ஒதுக்கீட்டில் பதிய அதுதான் ஆதாரம். பதிவேடு வேறு கைக்குப் போனால் அவளுடைய 1984ஆம் வருடத்துப் பக்கம் என்ன ஆகும் என்று எனக்குப் பயம்.

ஆகஸ்டு கடைசியில் அரங்கநாதன் வீடு வீடாகப் போய்ப் பழைய விதிப் புத்தகங்களை வாங்கிக்கொண்டார். "தாள் கிழிஞ்சி போச்சி, சேலத்துல புதுசா பின்னு அடிச்சிக் குடுக்கறேன்" என்றார். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். கள்ளமில்லாமல் கொடுத்தேன். அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

1990 அக்டோபர் 14. அதுவும் ஞாயிறுதான். சங்கக் கொட்டகையில் நாற்பத்தொரு பேர். வந்தவர்களுக்கு அவரவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அரங்கநாதன் எழுந்தார். பக்கத்தில் மகன் அன்புச்செல்வன், சட்டைப் பையில் இரண்டு பேனா.

"தங்கமணி இதுவரைக்கும் உழைச்சிது, நான் இல்லங்கல. ஆனா விதின்னு ஒண்ணு கீது. ஆறாம் பக்கம், பதினாலாவது விதி. பெண் உறுப்பினர் தலைவர், செயலாளர் பொறுப்புக்கு வரக் கூடாது. ஆள் இல்லையேன்னு நாலு வருசம் கண்டுக்காம வுட்டோம். இப்போ படிச்ச புள்ள கீறான். அன்புச்செல்வன் பாத்துக்குவான்."

எல்லாரும் பக்கம் புரட்டினார்கள். இருந்தது. பதினான்காவது விதி, கறுப்பு மையில், அச்சில்.

"இது என்னோட சொந்தச் சரக்கு இல்ல," என்று ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். எட்டு விதிகளின் கதையைத் தமிழில் கணீரென்று வாசித்தார். ஆயிரம் வருடம் ஐந்நூறானதில் வந்து நிறுத்தினார். "புத்தரே சொன்னது. அதுக்கு மேல நான் இன்னா சொல்ல?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆண்கள் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். தங்கமணி எழுந்தாள்.

"தலைவரே, எட்டுல ஆறாவது விதியை இன்னொரு வாட்டி படிங்க."

"எல்லாம் படிச்சாச்சே."

"பரவால்ல, படிங்க. எனக்குக் காது மந்தம்."

அவர் படித்தார். இரண்டு வருடம் ஆறு ஒழுக்கங்களில் பயிற்சி எடுத்த பயிற்சிப் பெண், பிக்கு சங்கம், பிக்குணி சங்கம் இரண்டிடமும் துறவு கேட்க வேண்டும்.

"அன்னிக்கித் தேதிக்கு எத்தினி பிக்குணி இருந்தாங்க, தலைவரே?"

"கோதமிதான் மொத ஆளு. அவங்களே இன்னும் சேரல."

"அப்போ பிக்குணி சங்கம் ஏது? ரெண்டு வருசப் பயிற்சி குடுத்தது யாரு?"

அரங்கநாதன் கையிலிருந்த புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். செல்லியம்மாள் என்று ஓர் அறுபது வயதுக்காரி, களை எடுக்கப் போகிறவள், எழுத்துத் தெரியாது, மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவள்தான் சத்தமாகச் சொன்னாள். "அட, பொண்ணே இன்னும் பொறக்கல, அதுக்குள்ள பேரப்புள்ளைக்கு மொட்டையா?"

சிரிப்பு. அன்புச்செல்வன் முகம் சிவந்து எழுந்தார். "பெரிய பெரிய பிக்குங்க, தேரருங்க ரெண்டாயிரம் வருசமா ஒத்துக்கிட்டதை, பால்வாடி டீச்சர் வந்து இல்லைன்னா ஆச்சா?"

"அதையும் அவரே சொல்லிட்டுப் போய்க்கீறாரு," என்றாள் தங்கமணி. குரல் உயரவே இல்லை. "கடைசிப் பயணத்துல சொன்னாரு. ஒருத்தன் வந்து, இதைப் புத்தர் வாயால நானே கேட்டேன்னு சொன்னாலும் சரி, மூத்த தேரருங்க பல பேரு சொன்னாங்கன்னாலும் சரி, ஒடனே தலையாட்டாத, ஒடனே தள்ளவும் தள்ளாத. போதனையோட வச்சிப் பாரு, ஒழுக்க விதியோட வச்சிப் பாரு. பொருந்தினா எடுத்துக்க. பொருந்தலைன்னா அவன் தப்பாப் புடிச்சிக்கினு வந்துட்டான்னு வுட்டுடு. நான் வச்சிப் பாத்தேன். பொருந்தல."

"அப்போ பின்னால எழுதினது எல்லாம் பொய்யா?"

"நான் அப்பிடிச் சொல்லல. பின்னால சேத்ததுலயும் நல்லது கீது. பின்னால சேத்துட்டு, மொதல்லயே சொன்னதுன்னு சொல்றாங்க பாருங்க, அதான் பொய்."

அரங்கநாதன் சும்மா விடுகிற ஆள் இல்லை. கையைத் தூக்கினார். "சரிம்மா, புத்தர் சொன்னாரோ சொல்லலியோ, அது பெரியவங்க விவகாரம். நம்ம சங்கத்து விதி எண்பத்து நாலுல அச்சடிச்சது. அடிச்சது உங்க அண்ணன். அதையும் ரெண்டாயிரம் வருசம் கழிச்சிச் சேத்தாங்களா?"

இப்போது சிரிப்பு அவர் பக்கம். தங்கமணி முதன்முறையாகத் தடுமாறினாள். என்னைப் பார்த்தாள். நான் பதின்மூன்று விதிதான் கோத்தேன், எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் வாய்ச்சொல்லை யார் எடுப்பார்கள்? புத்தகத்தைப் புரட்டினேன். நடுத்தாளை மட்டும் மாற்றி, அதே பழைய அட்டைத்தாளுக்குள் வைத்துப் பின் அடித்திருந்தார்கள். எழுத்துக்கூட ஏறக்குறைய என்னுடையது மாதிரியே தேடிப் பிடித்திருந்தார்கள். நல்ல வேலை. என்னால்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது. ஐந்தாம் பக்கம் வந்தது. ஏழாவது விதி. கூட்டம் நடத்தக் குறைந்தது 12 பேர்.

அச்சில் 12. சிவப்பு மை இல்லை.

அவர்கள் பழைய படியைப் பார்த்துத்தான் கோத்திருக்கிறார்கள். நான் திருத்தி வைத்திருந்ததைப் பார்த்து, சரியான எண்ணை ஒழுங்காக அச்சிலேயே போட்டுவிட்டார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆறு வருடம் நினைக்கும்போதெல்லாம் கூசிய என் தப்பை அவர்கள் அழகாகத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் வந்தது கோபம் இல்லை. பசித்தவனுக்கு இலை போட்ட மாதிரி இருந்தது.

தங்கையின் பக்கத்தில் போய் அந்த இடத்தை விரலால் காட்டினேன். அவளும்தானே பக்கம் புரட்டித் தந்தவள்? ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

"தலைவரே, அஞ்சாம் பக்கம் ஏழாவது விதியைப் படிங்க."

"கூட்டம் நடத்தக் கொறஞ்சது பன்னெண்டு பேரு. இப்போ இன்னா?"

"அச்சுலயே அப்பிடிக் கீதா?"

"அச்சுல இல்லாம?"

நான் பேசினேன். மேடைப் பேச்சு எனக்கு வராது. நடந்ததை மட்டும் சொன்னேன். இருநூறு படி, இருநூறு சிவப்புத் திருத்தம். அது இல்லாத ஐந்தாம் பக்கம் நான் அடித்த பக்கமே இல்லை.

"தங்கச்சிக்கி அண்ணன் சாட்சி!" என்றார் அன்புச்செல்வன். "எங்கனா ஒரு படியில காட்டு பாக்கலாம்."

எங்கே காட்டுவேன்? எல்லாவற்றையும்தான் வாங்கிவிட்டார்களே. அப்போது மூலையிலிருந்து செல்லியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

"நான் குடுக்கலியே."

"இன்னாது?"

"பொஸ்தகத்த நான் குடுக்கலன்னேன். நீ வந்து கேட்ட. சாமிய எப்பிடிப்பா பின்னு அடிக்கக் குடுக்கறது? எங்க வூட்டு மாடத்துல கீது."

அவள் வீடு நாலாவது வீடு. தங்கமணியும் இரண்டு பெண்களும் கூடப் போய்க் கொண்டுவந்தார்கள். அட்டையில் இருந்த புத்தர் நெற்றியில் ஆறு வருடத்துக் குங்குமம் கனத்துப் போயிருந்தது. மஞ்சள், விளக்கெண்ணெய்க் கறை, கற்பூரப் புகை, ஓரத்தில் காய்ந்த அரளிப் பூ. சங்கத்து விதிமுறைக்கு வெள்ளிக்கிழமை தோறும் பூசை நடந்திருக்கிறது! இந்தக் குங்குமத்துக்காகத்தான் முன்பு ஒரு முறை அரங்கநாதன் அவளைக் கூட்டத்தில் நிற்க வைத்து, "புத்தருக்குக் குங்குமம் வைக்கிற மூடநம்பிக்கை ஒழியணும்" என்று அரை மணி நேரம் பேசியிருந்தார். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சூடம் ஏற்றினவள்.

எண்ணெயில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈய எழுத்தைப் பிடித்துப் பழகிய விரலால் பொறுமையாகப் பிரித்தேன். ஐந்தாம் பக்கம். 21, மேலே சிவப்புக் கோடு, என் கையெழுத்தில் 12. ஆறாம் பக்கத்தில் பதின்மூன்று விதியோடு முடிந்து, கீழே வெறும் தாள்.

புத்தகம் கை மாறி நாற்பத்தொரு பேரையும் சுற்றி வந்தது. எழுத்துத் தெரியாதவர்கள்கூடச் சிவப்பைப் பார்த்தார்கள். கடைசியில் அரங்கநாதன் கைக்கு வந்தபோது விரலில் குங்குமம் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்தக் கறையை நான் பார்த்தேன். போதும் போதும் என்று பார்த்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். தங்கமணிக்கு முப்பத்தாறு. அவள் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பை எழுதினாள். நடுத்தாள் பிற்காலத்தில் மாற்றப்பட்டது, பதினான்காவது விதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது, சேர்த்ததைத் தலைவர் மறுக்கவில்லை. அவரிடம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டார். போடாமல் வெளியே போக வாசலில் இடம் இல்லை.

அன்று மாலை நான் பொய்த் தாள்களை எல்லாம் உருவிக் குவித்துத் தீக்குச்சி தேடினேன். என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"கொளுத்தாத, அண்ணா. கொளுத்திட்டா பத்து வருசத்துல அப்பிடி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொல்லிடுவாங்க. அது அப்பிடியே இருக்கட்டும். பக்கத்துல எப்போ சேத்தது, யாரு சேத்ததுன்னு மட்டும் எழுதி வச்சிடு."

அவள் சொன்னபடிதான் செய்தேன். விதிமுறைப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் பதின்மூன்று விதிகளுக்குப் பிறகு, பின்னிணைப்பு என்று தலைப்பிட்டு, அந்தப் பதினான்காவது விதியை முழுசாகக் கோத்தேன். கீழே: "இது 1990இல் சேர்க்கப்பட்டது. சேர்த்தவர்: அப்போதைய தலைவர் அரங்கநாதன்." ஐந்நூறு படி. தீ ஒரு நிமிடத்தில் அணைந்திருக்கும். இது சங்கம் இருக்கும்வரை இருக்கும்.

1991 ஜனவரி 23ஆம் தேதி, பிழை பார்க்க அதன் புரூப்பை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனேன். பால்வாடியில் குழந்தைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிப் பஸ்ஸில் அரங்கநாதன் வந்து இறங்கினார். நான் அங்கே இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. சென்னையில் பௌத்தர் மாநாடு. மேடையில் உட்கார, 1984 முதல் இவர் தொடர்ந்து பௌத்தராக வாழ்கிறார் என்று ஊர்ச் சங்கத்துச் செயலாளரின் கடிதம் கேட்டிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறி வந்த களைப்பில் வியர்த்திருந்தது.

"பழசை மனசுல வச்சிக்காதம்மா," என்றார்.

"உக்காருங்க தலைவரே." நாற்காலி அங்கே கிடையாது. பாய்தான். உட்கார்ந்தார். மகனின் வங்கி வேலையைப் பற்றி அவர் கைப்பட எழுதிய அந்த 1986ஆம் வருடத்துத் தாள், அக்டோபர் கூட்டத்துக்கு எடுத்துப் போனதிலிருந்து என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தங்கமணி அதை ஒரு முறை பார்த்துவிட்டு, சங்கத்துத் தாளில் நிதானமாக எழுதி, முத்திரை குத்தி, அவரிடம் நீட்டினாள்.

"சரியா கீதான்னு வாய்வுட்டுப் படிச்சிப் பாத்துக்குங்க. தப்பு இருந்தா இங்கயே திருத்திடலாம். அண்ணங்கிட்ட சிவப்புப் பேனா கீது."

கணீரென்ற குரல் பழக்கத்தில் வந்துவிட்டது. "திரு. அரங்கநாதன் 14.10.1984இல் பஞ்சசீலம் ஏற்றார்" என்று படித்தார்.

பாயில் இருந்த இருபத்து மூன்று குழந்தைகளுக்கும் பெரியவர்கள் ஒரு வரி சொன்னால் திருப்பிச் சொல்லித்தான் பழக்கம். "பஞ்சசீலம் ஏற்றார்!" என்று கத்தினார்கள்.

அவர் திடுக்கிட்டுத் தங்கமணியைப் பார்த்தார். அவள் குழந்தைகளை அடக்கவில்லை.

"படிங்க தலைவரே."

"அதே நாளில், விண்ணப்பத்தில் இந்து என்று எழுதுவோர் புத்தரின் முதுகில் குத்துவோர் என்று பேசினார்..."

"முதுகில் குத்துவோர் என்று பேசினார்!"

"1985இல் தம் மகனின் விண்ணப்பத்தில்..." குரல் இறங்கிவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாப் படிங்க. புள்ளைங்களுக்குக் கேக்கல."

"...இந்து என்று எழுதினார்."

"இந்து என்று எழுதினார்!" மலைப் பிள்ளைகளுக்கு நல்ல தொண்டை. அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். 1990இல் விதி சேர்த்ததைச் சொல்லும் வரியையும் அவர் படித்து முடித்தார். அவர் கேட்டு வந்த 'தொடர்ந்து' என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு ஜீப்பை நிறுத்தி ஏறிப் போனார். மாநாட்டு மேடையில் அவரை யாரும் பார்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் தங்கைக்கு ஆசிரியர் வேலை இன்னும் வரவில்லை. பதிவு மூப்பை 1991இலிருந்துதான் எண்ணுகிறார்கள். போன ஆறு வருடத்தை எந்தச் சட்டமும் திருப்பித் தரவில்லை. இது 1996. அவள் இன்னும் வெள்ளிமலையில்தான் இருக்கிறாள், இன்னும் செயலாளர்தான். இதுவரை அறுபத்தொரு பேர் அவள் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள்.

அன்று அரங்கநாதன் போன பிறகு, குழந்தைகள் அடுத்த வரிக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கமணி என் கையிலிருந்து புரூப்பை வாங்கி, பாயில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வோர் எண்ணாகப் பார்க்க ஆரம்பித்தாள்.